இந்தக் கட்டு முடியட்டும்

முப்பிடாதியின் கை இலை வெட்டிக்கொண்டிருந்தது. மடியில் சுளகு என்கிற மூங்கில் முறம். சுளகின் ஒரு பக்கம் ஈரத் துணியில் பொதிந்த பீடி இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள், நடுவில் நூல்கண்டு.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

"தாயி, பீடிய விடுறது எப்படி?"

வேறு யாரையோ கேட்கிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

வந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் ஆடு மேய்க்கிற கம்பு. தலையில் முண்டாசு. வலது காதுமடலில் ஒரு பீடி சொருகியிருந்தது. இடது கால் செருப்பில், சுண்டு விரல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நான் பீடி சுத்துறவ," என்றாள் முப்பிடாதி.

"தெரியுது."

"விடுறதப் பத்தி என்கிட்ட கேட்டா?"

"கரட்டுச் சாமிதான் அனுப்பிச்சு."

ஊருக்கு மேற்கே உள்ள கரட்டில், ஒரு பாறையடியில் இருக்கிற சாமியார்தான் அந்தச் சாமி. போனால் எதையாவது சொல்லும். சில நாள் ஒன்றும் சொல்லாது. முப்பிடாதி ஒரே ஒரு தடவை மாமியாரோடு போயிருக்கிறாள். அன்றைக்கும் மாமியார் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள்.

"சாமி என்ன சொல்லிச்சு?"

"நான் பீடிய விடணும்னு சொன்னேன். சாமி ஒரு சுருட்டப் பத்த வச்சுது. ரெண்டு இழுப்பு இழுத்துச்சு. 'எனக்கே தெரியாதத என்கிட்ட கேட்டா எப்படிவே? கீழத் தெருவுல முப்பிடாதின்னு ஒரு பிள்ள இருக்கு. தினமும் ஆயிரம் பீடி அவ கையில, ஒண்ணுகூட அவ வாயில கிடையாது. அங்க போய் உக்காரும்'னு சொல்லிச்சு."

"உக்காரச் சொல்லிச்சா, கேக்கச் சொல்லிச்சா?"

"உக்காரத்தான் சொல்லிச்சு. கேக்கது நானாக் கேக்கேன்."

நைட்டியின் மேல் கிடந்த துண்டை அவள் இழுத்துவிட்டுக்கொண்டாள். சாமிக்குத் தன் பேர் எப்படித் தெரியும் என்று நினைத்தாள். நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"சாமி வெளையாடியிருக்கும் பெரியப்பா. நான் அஞ்சாப்புதான் படிச்சிருக்கேன்."

"நான் அதுவும் இல்ல."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

"யாருளா அது?"

"கரட்டுச் சாமி அனுப்பிச்ச ஆளு அத்த."

"என்ன வேணுமாம்?"

"பீடிய விடணுமாம்."

"அதுக்கு நம்ம வீடுதான் கிடைச்சுதா? ஊர்ல எல்லாரும் விட்டுட்டா நாம என்னத்தத் திங்க?"

"நியாயந்தான் மதினி," என்றார் வந்தவர். வாசலில் கவிழ்ந்து கிடந்த பழைய உரல்கல்லில் உட்கார்ந்தார். "என் பேரு மாடக்கண்ணு. மேலூர்ல ஆட்டுக்கிடை போடுதவன்."

முப்பிடாதி தலை நிமிரவில்லை.

"எதுக்கு இப்ப விடணும்னு வந்தீங்க?"

அவர் இடது காலை முன்னால் நீட்டினார்.

"கால்ல ரத்தம் ஓடுற குழாய பீடி அடைச்சுப் போட்டுட்டாம். விரலு கறுத்துப் போச்சு. எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் பதினஞ்சாந் தேதி திரும்ப வரச் சொல்லியிருக்காரு டாக்டரு. அதுவரைக்கும் பீடியத் தொட்டா, முட்டுக்குக் கீழ எடுத்துருவாராம்."

"தொடலன்னா?"

"கால் இருந்தாலும் இருக்குமாம்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"ஆடு மேய்க்கிறவன் காலு தாயி. நாக்கு போனாக்கூட விசில் அடிச்சுப் பொழைச்சுக்கிடுவேன். கால் போனா கிடை போச்சு. இப்பவே ஆட்ட என் வீட்டுக்காரிதான் பாக்கா. நான் வீட்டுல கெடக்கேன்."

"அப்ப விட வேண்டியதுதான?" என்றது உள்ளே இருந்த குரல்.

"அதக் கேக்கத்தான் மதினி வந்திருக்கேன்."

பதில் தெரியாதபோது சொல்கிறதையே முப்பிடாதி சொன்னாள்.

"இருங்க பெரியப்பா. இந்தக் கட்டு முடியட்டும்."

அதை அவள் எல்லோரிடமும் சொல்வாள். தண்ணீர் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாலும், சிலிண்டர்காரன் மணியடித்தாலும் அதுதான் பதில். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஒரு கட்டுக்கு வேண்டிய இலையை மொத்தமாக வெட்டி வைத்துக்கொண்டுதான் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். பாதியில் எழுந்து போனால் காற்றில் இலை காய்ந்துவிடும். காய்ந்த இலை சுற்றும்போது வெடிக்கும். வெடித்த பீடியைக் கடையில் தள்ளிவிடுவார்கள். அதனால் வீடு இடிந்து விழுந்தாலும் இந்தக் கட்டு முடியட்டும்.

மாடக்கண்ணு காத்திருந்தார்.

இலை. தூள். ஒரு உருட்டு. நுனியில் ஒரு மடக்கு. நூல் இரண்டு சுற்று. அடுத்த இலை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை காதுமடலுக்குப் போனது.

"தாயி, நான் தெருமுனைக்குப் போய் ஒண்ணே ஒண்ணு இழுத்துட்டு வந்துடுதேன். அப்புறமாச் சொல்லு."

"இந்தக் கட்டு முடியட்டும் பெரியப்பா."

யோசித்துச் சொன்னதில்லை. வாய்ப்பழக்கம். ஆனால் எழுந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தாரே தவிர இருப்புக் கொள்ளவில்லை. முண்டாசை அவிழ்த்துக் கட்டினார். ஒரு காக்காயை வைதார். கம்பால் தரையில் கோடு போட்டு அழித்தார்.

"எத்தன ஆச்சு?"

"ஒம்பது."

நெற்றியில் வேர்வை பொடித்தது.

"இப்ப?"

"பதினொண்ணு."

"ஒரு மாதிரி வருது தாயி. நெஞ்சுக்குள்ள எலி ஓடுதாப்புல."

பன்னிரண்டாவது இலையை எடுத்தாள்.

அப்போது கனி எழுந்து வந்தது. முப்பிடாதியின் மகள். இரண்டு வயது முடிந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து, துண்டைப் பிடித்து இழுத்தது.

"அம்மா. பாலு."

"இந்தக் கட்டு முடியட்டும் கனி."

கனி தரையில் விழுந்து காலை உதைத்து அழுதது.

மாடக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பால் குடுத்துட்டுச் சுத்தேன் தாயி. நான் அங்குட்டுப் போய் நிக்கேன்."

"இல்ல பெரியப்பா," என்றாள் குரலை இறக்கி. "பால மறக்கடிக்கேன்."

"அப்படியா. என்ன தடவுன?"

"வேப்பெண்ண."

"கேட்டுச்சா?"

"இந்தத் துண்ட வச்சே தொடச்சிட்டுக் குடிச்சிட்டா."

மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை இருமல் வரவில்லை.

"என் வீட்டுக்காரி என் பீடிய எல்லாம் எடுத்து மண்ணெண்ணயில ஊறப் போட்டா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கூரையில காய வச்சுக் குடிச்சேன். மீச கருகிப் போச்சு."

முப்பிடாதி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தாள். கை நிற்கவில்லை.

அவர் இப்போது அழுகிற பிள்ளையைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த வேலை கண்ணில் பட்டுவிட்டது.

"நான் சொல்லுதேன் கேளு தாயி. எங்க கிடையில ஆட்டுக்குட்டிக்குப் பால மறக்கடிக்க, பெரிய கூடையப் போட்டுக் கவுத்துருவோம். தாயாடு பக்கத்துலயே நிக்கும். குட்டி ஓட்ட வழியா அதப் பாத்துக்கிட்டே கத்தும்."

"பாவம்லா."

"பாவந்தான். ரெண்டு நாளு, மூணு நாளு. அப்புறம் நாம போடுற எலை கொழைய மொள்ளக் கடிக்கும்."

"தாய் கண்ணுல படாம எங்கயாவது தூரமாக் கொண்டு போய்க் கட்டலாம்லா?"

"கட்டலாம். அங்க சும்மாதான் இருக்கும். திரும்பிக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே முட்டி முட்டிக் குடிக்கும். போன வருசம் நானே எட்டு நாளு மக வீட்டுல போய் இருந்தேன். மருமகன் முன்னால குடிக்கக் கூடாதுன்னு ஒரு பீடி தொடல. ஊர்ல பஸ்ஸ விட்டு எறங்குனேன்..."

அங்கே நிறுத்திவிட்டார்.

முப்பிடாதியின் மடியில் இருந்த சுளகைப் பார்த்தார். அதில் குவிந்து கிடந்த தூளை வெகுநேரம் பார்த்தார்.

"கூடைய எங்க கொண்டு போய்க் கவுக்கணும்னு சாமிக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

கனியின் அழுகை எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கம்பை எடுத்துக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தது.

முப்பிடாதி இருபத்தைந்தையும் அடுக்கி நூலைச் சுற்றி இறுக்கினாள்.

"முடிஞ்சுட்டு பெரியப்பா. எங்கயோ போயிட்டு வாறேன்னீங்களே?"

"எங்க?"

அவர் உண்மையாகவே கேட்டார். பிறகு கை காதுக்குப் போனது. பீடியைத் தொட்டது. தொட்டுவிட்டுக் கீழே வந்தது.

"அடுத்த கட்டுக்கு இலை வெட்டியாச்சா?"

"வெட்டிட்டு இருக்கேன்."

"அப்ப இருக்கேன்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

எதிர் வீட்டு செண்பகவடிவும் பீடிதான் சுற்றுகிறாள். அவள் வாசலில் நின்று சத்தமாகக் கேட்டாள்.

"என்னளா, இன்னைக்கு உன் சீடப்புள்ள இன்னும் வரலையா?"

"சும்மா இரு மதினி."

"கள்ளுக்கட வாசல்ல தவம் இருந்த கதையாட்டுல்லா இருக்கு. எனக்கும் ஒரு சீடனப் பாத்து அனுப்பச் சொல்லு. வெறகு வெட்ட ஆகும்."

முப்பிடாதிக்குக் காது சிவந்தது. இனிமேல் வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவர் வந்தார். அவள் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவர் கேட்டார்.

"இங்க உக்காந்தா நேரம் போயிருது. வீட்டுல கட்டு சுத்த யாரு இருக்கா? காலைல எந்திரிச்சதும் பீடி இல்லாம வெளிக்குப் போக முடியல."

"சுடுதண்ணி குடிச்சிட்டு நடங்க பெரியப்பா."

"டீயக் கையில எடுத்தா, இன்னொரு கை சும்மா இருக்க மாட்டேங்கு."

"டம்ளர ரெண்டு கையாலயும் பிடிங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கிண்டல் செய்கிறாளா என்று. அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

"எங்கிட்ட இப்ப ஒரு ஆட்டுலகூட உண்ணி கிடையாது."

"என்ன பெரியப்பா?"

"நெஞ்சுக்குள்ள எலி ஓட ஆரம்பிச்சா ஒரு ஆட்டப் பிடிச்சு மடியில போட்டுக்கிடுதேன். உண்ணி பொறுக்குதேன். இந்த ஆடு முடியட்டும்னு நெனப்பேன். ஒரு ஆடு முடியுறதுக்குள்ள எலி போயிருது. என் வீட்டுக்காரி கேக்கா, உனக்கு என்ன பைத்தியமான்னு."

"ஆட்டுக்கு நல்லதுதான."

"ஆட்டுக்கு நல்லதுதான். ஆனா இப்ப என்னப் பாத்தா ஓடுது."

பத்தாம் நாள் அவர் வந்து உட்கார்ந்தார். அவள் இரண்டு கட்டு முடித்தாள். மூன்றாவது கட்டில் பாதி போயிருக்கும்.

"ஒண்ணு கேக்கேன். கோவிச்சுக்கிடாத தாயி."

"கேளுங்க."

"என் விரலு போனது நீ சுத்துன பீடியிலயாக்கூட இருக்கும்லா?"

அவள் கை நின்றது.

கட்டு நடுவில் அந்தக் கை நின்று மாடக்கண்ணு பார்த்ததில்லை. முன்னால் பரப்பியிருந்த இலையின் ஓரம் காற்றில் சுருண்டது. அவள் அதை எடுத்து உருட்டினாள். நடுவில் வெடித்தது. தூள் மடியில் கொட்டியது.

"இருக்கும் பெரியப்பா," என்றாள்.

அடுத்த இலையை எடுத்தாள்.

"எனக்குத் தூங்கும்போதும் கை சுத்துமாம். அவுக கொல்லத்துல ஓட்டல் வேலையில இருந்து வரும்போதெல்லாம் சொல்லுவாக. கனிக்குச் சோறு ஊட்டுனா கசக்குதுன்னு துப்புதா. எத்தன தடவ சோப்பு போட்டாலும் போகாது. தையல் படிக்கணும்னு ரெண்டு வருசமா நெனைக்கேன். மிஷினும் அக்கா வீட்டுல சும்மாதான் கெடக்கு."

"பொறவு?"

"விட முடியல."

அன்றைக்கு அவர் போகும்போது காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து, உரல்கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனார். பத்து நாளாகக் காதிலேயே இருந்து வதங்கிப்போன பீடி அது.

பதினொன்றாம் நாள் வந்தார். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

முப்பிடாதி உரல்கல்லைப் பார்க்காத மாதிரிப் பார்த்தாள்.

"ஓடிட்டான்," என்றாள் மாமியார். "நான் அன்னைக்கே நெனச்சேன்."

பதினாலாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். வாசலுக்கு வரவில்லை. தெருவிலேயே நின்றார்.

"தோத்துட்டேன் தாயி."

"வெயில்ல நிக்காம வாங்க பெரியப்பா."

"வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எங்க சித்தப்பா மகன் தவறிட்டான். எழவு வீட்டுப் பந்தல்ல எல்லாரும் உக்காந்திருந்தோம். தாம்பாளத்துல வெத்தலையும் பீடியும் வச்சு வரிசையா நீட்டிக்கிட்டே வந்தாங்க. என் முன்னாலயும் நீட்டுனாங்க. எழவு வீட்டுல நீட்டுனத வேண்டாம்னு சொன்னா, பகை வச்சிருக்கான்னு பேசுவாங்க. ஒண்ணுதானன்னு எடுத்தேன்."

"ம்."

"ரெண்டு நாள்ல ரெண்டு கட்டு போயிட்டு."

அவர் தன் இடது காலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி.

"பதினோரு நாளு இருந்தது அம்புட்டும் வீண். இனி காலு அவ்வளவுதான். சாமி கேட்டா சொல்லிரு, உக்காந்தான், ஆனா அவனால முடியலன்னு."

கம்பை ஊன்றித் திரும்பினார்.

"நேத்து நானும் குடுத்துட்டேன் பெரியப்பா."

அவர் நின்றார்.

"என்னது?"

"கனிக்கு. நல்ல காச்சல். அழுதுகிட்டே கெடந்தா. மனசு கேக்கல. குடுத்துட்டேன்."

"எத்தன நாளு மறந்திருந்தா?"

"பன்னண்டு."

"அடப் பாவமே. பன்னண்டு நாளும் போச்சே."

முப்பிடாதி முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க பெரியப்பா போச்சு? அந்தப் பன்னண்டு நாளும் அவ சோறு தின்னாள்ல. அந்தச் சோறு அவ உடம்புலதான இருக்கு?"

தெருவில் ஒரு சைக்கிள் போனது. செண்பகவடிவின் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"இப்ப என்ன செய்யப் போற?"

"காலைல இருந்து மறுபடியும் மறக்கடிக்கேன்."

"அழுதாளா?"

"அழுதா. மொதல்ல அழுத அளவுக்கு இல்ல."

மாடக்கண்ணு மடியை அவிழ்த்தார். அரைக்கட்டு பீடி இருந்தது. சாக்கடையில் போடப் போனவர், என்ன நினைத்தாரோ, கொண்டு வந்து உரல்கல்லின் ஓரத்தில் வைத்தார். பழைய பீடிக்குப் பக்கத்தில்.

"பக்கத்துலயே இருக்கட்டும்," என்றார். "உக்காரட்டுமா?"

"உக்காருங்க. இந்தக் கட்டு முடியட்டும்."

மறு மாதம் பிறந்தது.

பதினைந்தாம் தேதி காலையில் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். வெள்ளை வேட்டி கட்டியிருந்ததாகச் செண்பகவடிவு வந்து சொன்னாள்.

அன்றைக்கு முப்பிடாதி சுற்றிய பீடியில் நிறைய வெடித்தது. கடையில் ஏசினார்கள்.

பதினாறாம் தேதி அவர் வரவில்லை.

"எடுத்துட்டாங்க போல," என்றாள் மாமியார். அதைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, "நல்ல மனுசன்தான்," என்றாள்.

பதினேழாம் தேதி. முப்பிடாதி புதுக் கட்டுக்கு இலை வெட்டி வைத்திருந்தாள். ஆறோ ஏழோ சுற்றியிருப்பாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. கம்புச் சத்தமும் கேட்டது.

அவள் தலையைத் தூக்கவில்லை. காதை மட்டும் கொடுத்தாள். ஒரு காலா, இரண்டு காலா என்று காது எண்ணியது.

இரண்டு.

"தாயி."

"வாங்க பெரியப்பா."

அவர் ஒரு தூக்குவாளியை வாசலில் வைத்தார்.

"ஆட்டுப்பாலு. பிள்ளைக்கு. காச்சித்தான் கொண்டாந்திருக்கேன்."

உரல்கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார். நாலு விரலையும் ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினார்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"தொட்டுப் பாத்தாரு. சூடு வந்திருக்குன்னாரு. ஆறு மாசம் கழிச்சு வான்னுட்டாரு. ஒரு பீடி தொட்டாலும் பழைய கததான்னும் சொன்னாரு. நேத்து கிடைக்குப் போயிட்டேன். அதான் வரல. வாய்க்கா வரைக்கும் நடந்தேன்."

உள்ளே மாமியார் எதையோ கீழே வைத்த சத்தம் கேட்டது. "சாமி புண்ணியம்," என்றது குரல்.

மாடக்கண்ணு குரலைத் தணித்தார்.

"ஆனா ஒண்ணு கேக்கணும் தாயி. கடேசியா. ஊர்ல எல்லாரும் நான் ஜெயிச்சுட்டேன்னு சொல்லுதாங்க. எனக்குல்லா தெரியும். நேத்து ஆட்டப் பத்திவிட்டு மரத்தடியில உக்காந்தேன். சும்மா காத்து அடிச்சுது. ஒண்ணுமே இல்ல. ஆனா எலி வந்துட்டு. மூணு நாளா வராம இருந்த எலி. அது அடியோட வராம போறது எப்ப?"

முப்பிடாதி வாயைத் திறந்தாள்.

அதற்குள் கனி உள்ளேயிருந்து ஓடி வந்து அம்மா மேல் விழுந்தது. சுளகு ஆடியது. துண்டுக்குள் முகத்தைப் புதைத்தது. ஒரு தடவை ஆழமாக மோந்து பார்த்தது. ஒரு கையால் அம்மாவின் கழுத்துத் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தது.

முப்பிடாதி அதைத் தள்ளவும் இல்லை, தூக்கவும் இல்லை. கைகளைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்ப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

கனி தலையைத் தூக்கியது. வாசலில் தூக்குவாளியைப் பார்த்தது. இறங்கிப் போய் அதன் மூடியைத் திறக்கப் பார்த்தது. திறக்க முடியவில்லை. வாளியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு தளும்பத் தளும்ப உள்ளே போய்விட்டது.

மாடக்கண்ணு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னமோ கேட்டீங்களே பெரியப்பா?"

"ஒண்ணும் இல்ல தாயி."

அவர் எழுந்து முண்டாசைச் சரிசெய்தார். உரல்கல்லின் ஓரத்தில் அந்தப் பீடிகள் அப்படியே இருந்தன. வெயிலில் காய்ந்து நிறம் போயிருந்தன. அவற்றைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

"அடுத்த வாரத்துல இருந்து நானும் நாளைக்கு ஒரு கட்டு கொறைக்கப் போறேன்," என்றாள் முப்பிடாதி, சுளகைப் பார்த்தபடி. "அக்கா மிஷின எடுத்துக்கிடச் சொல்லிட்டா."

"ஒரு கட்டா?"

"ஒரு கட்டுதான்."

"போதும்."

அவர் இரண்டு எட்டு வைத்தார். அவளுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இத்தனை நாளில் தனக்காக அவள் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டாள்.

"பெரியப்பா, சாமி என்கிட்ட கேட்டா என்ன சொல்ல? பீடிய விட்டுட்டாருன்னு சொல்லிரட்டா?"

அவர் திரும்பினார்.

"ஏளா முப்பிடாதி," என்று உள்ளேயிருந்து மாமியார் சத்தம் போட்டாள். "பால அம்புட்டையும் மேல ஊத்திக்கிட்டு நிக்கா பாரு உன் மக. ஓடி வா."

வெட்டிய இலை சுளகில் கிடந்தது. இன்னும் பன்னிரண்டு பாக்கி. முப்பிடாதி ஒரு நிமிஷம் இலையைப் பார்த்தாள். பிறகு சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

நிலைப்படியைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். மாடக்கண்ணு குனிந்து, ஈரத் துணியை எடுத்து, இலை காயாமல் மூடிக்கொண்டிருந்தார்.

அவர் குரல் அவளுக்குப் பின்னாலேயே உள்ளே வந்தது.

"இன்னும் விடல தாயி. இந்தக் கட்டு முடியட்டும்."